வாசல் மாமி

எங்கள் குழுவில் பதினோரு பேர். பத்துப் பேர் ஒரு வீட்டை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிப்போம். பதினோராவது ஆள் அப்போதுதான் முதல் வீட்டு அம்மாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக வாசலுக்குக் கூட்டிவந்து நிறுத்தி, "கொஞ்சம் பாத்துட்டுச் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அதனால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் வாசல் மாமி. அவருக்குத் தெரியாமல்தான் வைத்தோம். ஒரே வாரத்தில் அவருக்கும் தெரிந்துவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

திருச்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக நாங்கள் எடுத்த கணக்கெடுப்பு அது. காற்றையும் தண்ணீரையும் கருவி வைத்து அளக்க வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்கள் வேலை, அங்கே குடியிருப்பவருக்கு அந்த இடம் எப்படித் தோன்றுகிறது என்று கேட்டு எழுதுவது. காற்று சுத்தமாக இருக்கிறதா, நடக்க வசதி உண்டா, சாக்கடை, கொசு, நாய், இரைச்சல், சாயங்காலம் பெண்கள் பயமில்லாமல் போய்வர முடிகிறதா, அவசரத்துக்குப் பக்கத்து வீட்டார் வருவார்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஐந்து என்றால் ரொம்ப நல்லது, ஒன்று என்றால் ரொம்ப மோசம். டேப்லெட்டில் ஒரு வட்டத்தைத் தொட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும். ஒருவர் தன் தெருவைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கும் அவர் உடம்புக்கும் தொடர்பு உண்டாம். அதையெல்லாம் கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் என் பாட்டுக்கு வட்டங்களைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

குழுத் தலைவி நான்தான். எனக்கு எப்போதும் அவசரம். என் மகளுக்கு அப்போது பத்து வயது, அவளுக்கு மூச்சிழுப்பு. காட்டூரில் வீடு. கணவருக்கு வெளியூரில் வேலை. பள்ளிக்கூடம் விட்டு மூன்றே முக்காலுக்கு வந்து அவளே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போவாள். நான் வேலையை முடித்து பஸ் பிடித்துப் போய்ச் சேர ஆறு மணி ஆகிவிடும். அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தேன். மூன்று தடவையும் டாக்டர் ஒரே கேள்வியைக் கேட்டார். வீட்டுப் பக்கத்தில் புகை, எதையாவது கொளுத்துவது என்று ஏதாவது உண்டா? இல்லை என்றேன். அவர் மருந்தைக் கூட்டி எழுதினார்.

இந்த நிலைமையில் ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் ஆள் என் குழுவில் வந்து சேர்ந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

மாமிக்கு என்னைவிட மூன்று வயது கூட இருக்கலாம். ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் வீடு. மாமனார் கோயில் கைங்கரியத்தில் இருந்தவர். காலையில் வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனப் பூஜை முடிந்து, தளிகை என்று அவர் சொல்கிற சமையலையும் பண்ணி வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இருந்தும் எட்டரைக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். வெளியில் எங்கேயும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பூங்கா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. இன்றைக்கும் உண்டு. ஆனால் அதே மாமி எந்தத் தெருவில், யார் வீட்டில் என்று பாராமல் போய் உட்கார்ந்து, அவர்கள் வீட்டுக் கொசுவைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் சொந்த அக்காவிடம் கேட்பதுபோல் கேட்பார். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இருந்தன.

ஏன் எல்லோரையும் வாசலுக்கு இழுக்கிறீர்கள் என்று முதல் வாரமே கேட்டேன்.

"உள்ள உக்காந்துண்டு கேட்டா வாய் பதில் சொல்றது மேடம். வெளியில வந்து நின்னாத்தான் கண்ணு சொல்றது" என்றார்.

அழகாகத்தான் இருந்தது. அழகை வைத்துக்கொண்டு நான் கல்லூரிக்கு எத்தனை வீடு என்று கணக்குச் சொல்ல முடியாதே.

மாமி குறை கண்டுபிடிக்க அலைகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. கைலாசபுரம் குடியிருப்பில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு தொழிலாளி படுத்திருந்தார். மூன்று மாதமாக வீட்டோடு கிடப்பு. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒன்று, ஒன்று என்று எரிந்து விழுந்தார். இரைச்சல் உண்டா என்றால், உங்கள் இரைச்சல்தான் பெரிய இரைச்சல் என்றார். நானாக இருந்தால் பத்து நிமிடத்தில் முப்பது ஒன்றுகளைத் தொட்டுவிட்டுக் கும்பிடு போட்டிருப்பேன். மாமி அவர் மனைவியிடம் சொல்லி ஊன்றுகோலை எடுத்துக் கொடுக்கச் செய்து, மெல்ல வாசற்படி வரை நடத்தி வந்தார். வெளியே வேப்பமரங்கள் இரண்டு பக்கமும் கூடி நின்றன. எதிர்வீட்டுக் குழந்தை சைக்கிள் பழகிக்கொண்டிருந்தது. அது இரண்டு தடவை விழுந்து எழுந்ததை மனிதர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு எல்லாக் கேள்வியையும் முதலிலிருந்து கேளுங்கள் என்றார். நாலும் ஐந்துமாகப் போட்டார். நாங்கள் கிளம்பும்போது, இனிமேல் நாற்காலியை இங்கேயே போடு என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உறையூரில் நடந்ததுதான் பெரிய கூத்து. ஒரு தெருவுக்குள் நானும் மாமியும் நுழைந்தோம். முதல் வீட்டிலேயே மோரும் முறுக்கும் வந்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் ஐந்து. அடுத்த வீட்டிலும் ஐந்து. சாக்கடை நிரம்பித் தெருவில் வழிந்து என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது, அந்த வீட்டுக்காரரோ எங்கள் தெருவில் சாக்கடைப் பிரச்சினையே கிடையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொசுவா, அது எப்படி இருக்கும் என்று கேட்காத குறை. எனக்கு ஒரே சந்தோஷம். மதியத்துக்குள் ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டேன். நாலு மணிக்கே வீட்டுக்குப் போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமி மட்டும் தன் வழக்கப்படி ஒரு அம்மாவை வாசலில் நிறுத்தியிருந்தார். அந்த அம்மா புடவைக் கரையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீரைத் தாண்டி நின்று, தெரு சுத்தமாக இருக்கிறது, ஐந்து போடுங்கள் என்றார். மாமி அடுத்த கேள்விக்குப் போனார். அக்கம்பக்கத்தாரை நம்பலாமா?

"தாராளமா நம்பலாம்ங்க. அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணு. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாது. சமையலும் நல்லா வரும்" என்றார் அந்த அம்மா.

மாமி டேப்லெட்டைக் கீழே இறக்கினார். எந்தப் பொண்ணு என்று கேட்டார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தத் தெருவில் ஒரு பெண்ணைப் போன வாரம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் விசாரிப்பது என்றால் என்ன? யாராவது இரண்டு பெண்கள் வேறு ஏதோ வேலையாக வந்ததுபோல் வந்து, தெரு எப்படி, மனுஷர்கள் எப்படி, சாயங்காலம் பெண்கள் வெளியே போவார்களா என்று நாசூக்காகக் கேட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் கேட்டதும் அதேதானே. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தது மாப்பிள்ளை வீட்டாரின் கெட்டிக்காரத்தனம் என்று தெருவே முடிவுகட்டி, எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வீடு போன் பறந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்காக அந்தத் தெரு முழுக்க வாய் கூசாமல் பொய் சொன்னது. நினைத்தால் இப்போதும் எனக்கு அந்தத் தெருவின் மேல் ஒரு பிரியம் வருகிறது.

அன்று பிரியம் வரவில்லை. எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், அவர்கள் சொன்னதைத்தானே எழுதினோம் என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"அவா நம்மளப் பாத்துச் சொல்லியிருக்கா மேடம். தெருவைப் பாத்துச் சொல்லலை. இதை அப்படியே அனுப்பினா இந்தத் தெருவுக்கு ஒரு குறையும் இல்லேன்னு ஆயிடும். அப்புறம் யாரு வரப்போறா இங்க?"

சொன்னதோடு நிற்கவில்லை. நேரே பெண்ணின் வீட்டுக்கே போய், நாங்கள் மாப்பிள்ளை வீட்டார் இல்லை என்று அந்தத் தாயாரிடம் சொன்னார். அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் அவர்கள் இன்னும் விசாரிக்கவே வரவில்லையா என்று கவலைப்பட ஆரம்பித்தார். மாமி பக்கத்தில் உட்கார்ந்து, வருவார்கள், வராமல் எங்கே போவார்கள் என்று தேற்றினார். மூன்று வாரம் கழித்து, சம்பந்தம் பேசி முடித்த பிறகு, அந்தத் தெருவை மறுபடியும் எடுத்தோம். ஒன்றும் இரண்டுமாகக் கொட்டினார்கள். கொசுவுக்கு ஒன்றுக்குக் கீழே எதுவும் இல்லையா, சைபர் கிடையாதா என்று ஒருவர் கேட்டார். எனக்கு இரண்டு நாள் வேலை வீணாயிற்று.

அந்த எரிச்சலில்தான் நான் அதைச் செய்தேன். இரண்டாம் கட்டக் கணக்கெடுப்புக்கு யார் யார் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், மாமியின் பெயருக்கு எதிரே, 'வேகம் போதாது, தேவையில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றே வார்த்தை. அனுப்பிவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டீயும் குடித்தேன்.

சனிக்கிழமை என் மகளுக்கு நான்காவது தடவை இழுப்பு வந்தது. விடியற்காலையிலேயே ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் மூக்கில் மருந்துப்புகை வைத்து, மத்தியானம்தான் அடங்கியது. டாக்டர் மறுபடியும் புகையைப் பற்றிக் கேட்டார். நான் மறுபடியும் இல்லை என்றேன். இன்னொரு இன்ஹேலரைச் சேர்த்து எழுதினார். இதற்கும் கேட்காவிட்டால் பெரிய பரிசோதனைகள் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அந்தக் குழந்தை மூச்சுக்காகத் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கியதைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், அந்த நாள் எப்படிப் போயிற்று என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாமி வந்து நின்றார். குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் மாதுளம்பழமும் ஒரு வண்ணம் தீட்டும் புத்தகமும் இருந்தன. நான் எழுதி அனுப்பிய மூன்று வார்த்தை நினைவுக்கு வந்தது. அதை மறைக்க, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று ரொம்ப வற்புறுத்தினேன். மாமி, தப்பா நெனச்சுக்காதேங்கோ மேடம், ஆத்து வழக்கம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

என் மகள்தான் வண்ணப் புத்தகத்தோடு வந்து நடுவில் உட்கார்ந்தாள். நீங்கள் வீடு வீடாகப் போய் என்ன கேட்பீர்கள், எங்கள் வீட்டிலும் கேளுங்கள் என்றாள். மாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. டேப்லெட் இல்லை, அவள் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்து வட்டங்கள் போட்டுக்கொண்டார். நான் குடும்பத் தலைவி. கேள்வி கேட்கக் கேட்க, எனக்குத்தான் மனப்பாடம் ஆயிற்றே, பட்டுப் பட்டென்று சொல்லிக்கொண்டே போனேன். வீட்டைச் சுற்றிக் காற்று சுத்தமாக இருக்கிறதா? நாலு, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

மாமி எழுதவில்லை. என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"என் வீடு மாமி. எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். இருந்தாலும் வாங்கோ."

போய் நின்றேன். தெரு பளிச்சென்று இருந்தது. எதிர்வீட்டில் காலையில் போட்ட கோலம் கலையாமல் இருந்தது. தஞ்சாவூர் சாலைத் தூசி கொஞ்சம் வரும், துணியில்கூடக் கரியாகப் படியும், அதனால்தான் ஹாலுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுகிறேன், மற்றபடி ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். மாமி தலையாட்டினார். பிறகு, எங்கள் பின்னாலேயே வந்து நின்ற என் மகளிடம் குனிந்து, நீ எவ்வளவு மார்க் போடுவே கண்ணா என்று விளையாட்டாகக் கேட்டார்.

"முன்பக்கத்துக்கா, பின்பக்கத்துக்கா?" என்றாள் என் மகள்.

அவளே எங்களைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். துவைக்கிற கல்லின் மேல் ஏறி, சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். நானும் ஏறிப் பார்த்தேன். காலி மனை. நடுவில் வட்டமாக ஒரு கரிந்த இடம். அதைச் சுற்றிலும் வெந்து சுருண்ட ரப்பரும் பிளாஸ்டிக்கும். எங்கள் சுவரின் அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. நான் துணி துவைப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் குனிந்த தலை நிமிராமல். அந்தச் சுவரை எட்டிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"பழைய ஒயரெல்லாம் கொண்டாந்து எரிப்பாங்கம்மா, உள்ள இருக்கற செம்பை எடுக்க. நான் ஸ்கூல் விட்டு வந்த கொஞ்ச நேரத்துல ஆரம்பிப்பாங்க. நான் ஜன்னலைச் சாத்திக்குவேன். நீ வர்றதுக்குள்ள அணைஞ்சிரும்."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"டாக்டர் உன்னைத்தானேம்மா கேட்டாரு. நீ இல்லைன்னு சொன்னியே."

ஊரில் அத்தனை பேரைக் கேள்வி கேட்டவள் நான். மூன்று தடவை, நான்கு தடவை ஒரு டாக்டருக்கு முன்னால் என் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு, அவள் மூச்சைப் பற்றி நான் சொன்ன பதில் அது. பொய் சொல்லவில்லை. பார்க்கவில்லை. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். மாமி என்னைத் தேற்ற வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு, "நானும் இத்தனை நாளா எல்லாருக்கும் வாசலை மட்டும்தானே காட்டிண்டிருந்தேன்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு கலக்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து அவர் ஒவ்வொரு வீட்டிலும் கொல்லைப்பக்கத்தையும் பார்க்கச் சொன்னார், வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் ஒரு வார்த்தை கேட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரம் ஒருநாள் லீவு போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு நாலு மணிக்குப் போய் அந்த மனையில் நின்றேன். எரிக்க வந்தவர் முதலில் சத்தம் போட்டார். மனைக்காரருக்குப் போன் செய்தோம், அவர் வந்து பார்த்துவிட்டு வேலி போட்டார். ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் அடுத்த ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. இரண்டாவது இன்ஹேலரை டாக்டர் நிறுத்தினார். இப்போது அவள் பள்ளியில் கோகோ ஆடுகிறாள். மழைக்காலத்தில் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமையே கல்லூரிக்குப் போன் செய்து என் குறிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பட்டியல் முடிந்துவிட்டது என்றார்கள். நேரிலும் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாம் கட்டம் தொடங்குவதற்கு முதல் நாள் மாமி போன் செய்தார். தன் பெயர் பட்டியலில் இல்லையாம், எங்கே தப்புப் பண்ணினோம் என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம், அதற்காகத்தான் கேட்கிறேன் என்றார். அவர் குரலில் குற்றம்சாட்டும் தொனியே இல்லை. மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. முடியவில்லை. நான்தான் எழுதினேன் என்றேன்.



"என்னிக்கு எழுதினேள்?"

"நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்களே மாமி, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"நல்லவேளை, அன்னிக்கு நீங்க அதைச் சொல்லலை" என்றார் மாமி. "சொல்லியிருந்தா நான் கோச்சுண்டு வாசலோட திரும்பிப் போயிருப்பேன். குழந்தையை ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டேன்."

அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. போனை மகளிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.